பட்டறை வீட்டின் ஒரே வாரிசு

மார்ச் 4

அன்புள்ள மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. நாலு தடவை போன் செய்தேன், நாலு தடவையும் வெட்டிவிட்டாய். "எதுவானாலும் எழுதி அனுப்புங்க, அப்புறம் பேச்சு மாற முடியாது" என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. சரி, எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறினது போல இருந்தால் பொறுத்துக்கொள். முப்பத்து நாலு வருஷமாகச் சுத்தியலும் ஊசியும் பிடித்த கை இது.

அண்ணன் போய் இன்றோடு ஐந்து வாரம். மறுநாளே பட்டறையைத் திறந்துவிட்டேன். பழைய சோபா ஒன்று பாதி பிரித்தபடி நடுவில் கிடந்தது, அவர் பிரித்துப் போட்டது. ஸ்பிரிங் கட்டி, நாடா இழுத்து, துணி போர்த்தி முடித்துக் கொடுத்தேன். வாங்க வந்தவர் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒரு பக்கம் இறங்குகிறது என்றார். நான் கட்டின பக்கம்தான் இறங்கியிருந்தது. திரும்பப் பிரித்துக் கட்டினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கீழே பட்டறை, மேலே இரண்டு அறையும் சமையலறையும், பின்னால் கட்டை அடுக்க ஒரு முற்றம். எல்லாம் அண்ணன் பெயரில் இருக்கிறது. இந்த நாட்டுச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் வாரிசு யார் என்று நோட்டரியிடம் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் நகராட்சி எடுத்துக்கொள்ளும். ஜூலை 28 கடைசி நாள். நோட்டரி அம்மாள், ஊரில் அண்ணனைத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார். படிவம் இத்துடன் இருக்கிறது. இங்கத்து மொழி, நீ மண்டையை உடைத்துக்கொள்ளாதே. பென்சிலில் பெருக்கல் குறி போட்டிருக்கும் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டு, தூதரகத்தில் முத்திரை வாங்கி அனுப்பினால் போதும். வெறும் சம்பிரதாயம்தான். பெயர் எழுதும்போது உன் வீட்டுக்காரர் பெயரைச் சேர்த்து எழுது, அப்பா பெயர் வேண்டாம்.

அண்ணியிடம் சொல்லிக் குழப்பாதே. அவரே நொந்துபோயிருப்பார்.

உன் சித்தப்பா

---

மார்ச் 19

சித்தப்பாவுக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

நான் வேலை பார்க்கும் பல் செட் கூடத்துக்கு ஒரு ஓய்வுபெற்ற மொழி ஆசிரியை வருவார். கீழ் செட் ஈறில் உரசுகிறது என்று போன வாரம் வந்தார். அதைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு உங்கள் படிவத்தை நீட்டினேன். படித்து முடித்தவர் கண்ணாடியைக் கழற்றி, "இதுல உன்னை யாரும்மா கையெழுத்துப் போடச் சொன்னது?" என்று கேட்டார். பிறகு வரி வரியாகச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். அதை உங்களுக்கே திருப்பி எழுதுகிறேன், மறந்திருப்பீர்கள்.

'நான் இறந்தவருடைய பக்கத்து வீட்டுக்காரி. அவருடைய மனைவி முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் இறந்துவிட்டார் என்பதை அறிவேன். அவருக்கு ஒரே மகன், வயது 51. வேறு பிள்ளைகள் கிடையாது என்று உறுதி கூறுகிறேன்.'

அன்று நான் வீட்டுக்குப் போனபோது முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் இறந்துபோன என் அம்மா, ஸ்டூல் மேல் ஏறி மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலைப் பிடி என்றாள். பிடித்துக்கொண்டேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஸ்டூல் ஆடியது, அதற்குத் திட்டு வாங்கினேன்.

யார் சித்தப்பா இந்த ஐம்பத்தொரு வயது மகன்? அப்பா எழுபத்து நாலு வயதில் போனார். கணக்குப் போட்டால் இருபத்து மூன்று வயதில் பெற்றிருக்க வேண்டும். அம்மாவைக் கட்டியது முப்பத்திரண்டில். அதற்கு முன்னால் ஒரு குடும்பமா, இல்லை அங்கே போய்ச் சேர்த்துக்கொண்ட குடும்பமா? ஐந்தே தடவைதான் ஊருக்கு வந்தார். ஐந்து தடவையும் என் முகத்தைப் பார்த்து நன்றாகப் படி என்று சொன்னவர், உனக்கொரு அண்ணன் இருக்கிறான் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

என் அம்மாவைச் சாகடித்து, என்னைப் பக்கத்து வீட்டுக்காரியாக்கி, அதற்கு என்னிடமே கையெழுத்துக் கேட்க உங்களுக்கு எத்தனை நெஞ்சழுத்தம். போட மாட்டேன். படிவத்தைத் திருப்பி அனுப்பவும் மாட்டேன். அந்த மகன் யார் என்று எழுதுங்கள். போட்டோ இருந்தால் அதையும் வையுங்கள்.

---

ஏப்ரல் 2

மகளே,

போட்டோ வைக்கவில்லை. உன் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, மீசையோடு நிற்கிறேனே, அந்தப் படம். ஐம்பத்தொரு வயது மகன் நான்தான்.

நிஜ வயது அறுபத்து மூன்று என்று உனக்குத் தெரியும். இந்த நாட்டில் அது யாருக்கும் தெரியாது.

உனக்கு அப்போது ஆறு வயது. ஊரில் இளைஞர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன காலம். ஏறினவன் திரும்பவில்லை. என்னோடு வேலை பார்த்த இரண்டு பேரைக் கொண்டுபோய்விட்டார்கள், மூன்றாவது பெயர் என்னுடையது என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் இங்கே உன்னையும் அண்ணியையும் கூப்பிட மனு எழுதிக்கொண்டிருந்தார். தம்பியைக் கூப்பிடச் சட்டத்தில் வழியில்லை. மனைவி பிள்ளை என்றால் மூன்று வருஷ வரிசை. பதினெட்டு ஆகாத, தாயில்லாப் பிள்ளை என்றால் மட்டும் ஒரே மாதத்தில் அனுமதி. எனக்கு வயது இருபத்தொன்பது. பதினேழு என்று எழுதினோம். அதற்குப் பொருந்த அண்ணிக்குப் பத்து வயது கூட்டி, அவர் இறந்ததாகவும், என்னைத் தவிர வேறு பிள்ளை இல்லை என்றும் எழுதினோம்.

வயதில் சந்தேகம் வந்தால் பல்லைப் படம் எடுத்துப் பார்ப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். நீ பல் வேலை பார்ப்பவள், உனக்குப் புரியும். புறப்படும் முன் நாலு ஞானப்பல்லையும் பிடுங்கிக்கொண்டேன். இரண்டு நாளில் நாலு. மூஞ்சி பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. மீசையையும் எடுத்தேன். இங்கே வந்ததும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பக்கத்தில் இருந்த பையனுக்கு அரும்பு மீசை, எனக்கு இரண்டு வேளை சவரம். தொண்டைக்குள் சிரிப்பையும் அழுகையையும் அடக்கிக்கொண்டு பதினேழு வயதுக்காரனாக உட்கார்ந்திருந்தேன்.

வாடிக்கையாளர் எதிரில் அண்ணனை அப்பா என்றேன். கதவைச் சாத்தினால் அண்ணா. கடைசியாக ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் தோளைத் தட்டி உங்கள் அப்பா போய்விட்டார் என்றாள். கத்தி அழ வாயைத் திறந்தேன், எப்படிக் கூப்பிட்டு அழுவது என்று ஒரு நொடி யோசித்தேன். அந்த ஒரு நொடியை என்னால் மறக்க முடியவில்லை.

கீழேயும் மேலேயும் நான் கட்டியது. கல் சுமந்தது, பூச்சு பூசியது, ஒவ்வொரு கதவையும் மாட்டியது எல்லாம் நான். பெயர் மட்டும் அண்ணனுடையது. நிஜத்தைச் சொன்னால் வீடும் போகும், இங்கே இருக்கும் உரிமையும் போகும். எனக்கென்று மனைவி மக்கள் இல்லை. பொய் வயதை எந்தப் பெண்ணிடமும் சொல்ல மனம் வரவில்லை, நிஜ வயதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

கையெழுத்துப் போடு. அண்ணியைக் கேள், அவருக்கு எல்லாம் தெரியும்.

சித்தப்பா

---

ஏப்ரல் 16

சித்தப்பா,

அம்மாவைக் கேட்டேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு, "தெரியும்" என்றாள். அவ்வளவுதான். அடுத்த துணியை எடுத்துக்கொண்டாள். மூன்று நாளாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. உங்களோடு சண்டை போடலாம் என்று உட்கார்ந்தால் வீட்டுக்குள்ளேயே ஒரு சண்டை.

எனக்குச் சொல்லப்பட்டது என்ன தெரியுமா? அனுமதி மறுத்துவிட்டார்கள் என்று. நான் அதையும் நம்பாமல், அடுத்த வருஷம் கிடைத்துவிடும் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 'வெளிநாடு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் தெருமுனைக் கடைக்காரர், "வெளிநாட்டுக்கு என்ன வேணும்?" என்றுதான் கேட்கிறார். அப்பா வரும்போதெல்லாம் போன தடவை அளவில் செருப்பு வாங்கிவருவார். குதிகால் வெளியே நிற்க, அவர் திரும்பிப் போகும்வரை அதையே போட்டுக்கொண்டு நடந்தேன்.

நீங்கள் பிழைத்ததற்காக நான் வருத்தப்படவில்லை. சத்தியமாக இல்லை. ஞானப்பல் பிடுங்கினதைப் படித்தபோது என் தாடையே வலித்தது. ஆனால் பிழைத்த பிறகு முப்பத்து நாலு வருஷம் எங்களைச் செத்தவர்களாகவே வைத்திருந்தீர்களே, அதற்கு எந்த வண்டி துரத்தியது? வண்டிகள் வருவது நின்று இருபத்தைந்து வருஷமாகிறது. அன்றைக்குப் பயம், சரி. அதற்குப் பிறகு வசதி. அண்ணனும் தம்பியும் சோபா தைத்துக்கொண்டு சௌகரியமாக இருந்திருக்கிறீர்கள்.

என் வீட்டுக்காரர், நிஜத்தைச் சொல், வீடு முழுதும் உனக்கும் அம்மாவுக்கும்தான், விற்றுவிடு என்கிறார். அவரை அவர் வேலையைப் பார்க்கச் சொன்னேன். ஆனால் நான் பெரிய மனது பண்ணி வீடு வேண்டாம் என்று எழுதுவேன் என்று காத்திருக்காதீர்கள். வேண்டும். ஆறு வயதில் என்னைக் கேட்காமல் மூன்று பேர் முடிவெடுத்தீர்கள். நாற்பதில் என்னைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்த நோட்டரியின் தாளில் மனைவி என்று அம்மா பெயரும், மகள் என்று என் பெயரும் வர வேண்டும். அதற்குக் குறைந்து எதற்கும் என் பேனா அசையாது.

---

ஏப்ரல் 30

சௌகரியம் என்ற உன் வார்த்தையை நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆணியை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிக்கிற வேலை எங்களுடையது. ஒரு நாளைக்கு அறுநூறு ஆணி. அறுபத்து மூன்று வயதில் இரும்புச் சட்டத்தைத் தனியாகத் தூக்குகிறேன், காகிதத்தில் நான் ஐம்பத்தொன்று, ஓய்வூதியத்துக்கு இன்னும் பல வருஷம் பாக்கி. முட்டி வலிக்கிறது என்று டாக்டரிடம் போனால், இந்த வயதில் இப்படித் தேயக் கூடாதே என்று அதிசயப்படுகிறார். உனக்கு அது சௌகரியம்.

நோட்டரியிடம் எழுதப் போகிறாயா? எழுது. அதிகாரிகளை அனுப்பு. பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், என்னைத் தூக்கித்தான் வெளியே வைக்க வேண்டும். ஊரில் எனக்கு என்ன இருக்கிறது? வீடா, வேலையா, என் முகம் தெரிந்த ஆளா? நான் கட்டின சுவரை விட்டு நான் நகரமாட்டேன். உன் அப்பா இருந்திருந்தால் உன் கடிதத்தைப் படித்து வெட்கப்பட்டிருப்பார்.

---

மே 12

சித்தப்பா,

அப்பா வெட்கப்பட்டிருக்க வேண்டியது என் கடிதத்தைப் பார்த்து இல்லை.

அம்மா அப்பாவின் திருமணப் பதிவு, என் பிறப்புச் சான்றிதழ், அம்மா போன மாதம் வாக்களித்த அடையாளத்தோடு விரலைக் காட்டி எடுத்த படம், மூன்றையும் ஒரு உறையில் போட்டு நோட்டரி முகவரி எழுதி ஒட்டிவிட்டேன். ஆசிரியை அம்மாள் மொழிபெயர்த்துக் கொடுத்தார். உறை என் மேசை இழுப்பறையில், பல் அச்சுகளுக்கு நடுவில் இருக்கிறது. ஜூன் 10 அன்று தபாலில் போடுவேன்.

அதற்குள் நீங்களே போய்ச் சொல்ல உங்களுக்கு நேரம் தருகிறேன். நான் சொன்னால் நீங்கள் மாட்டிக்கொண்டவர். நீங்கள் சொன்னால் நிஜத்தைச் சொன்னவர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் எப்படிப் பார்ப்போம் என்று தெரியும்.

நேற்று அம்மாவிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முட்டி வலிக்கு என்ன தடவுகிறார் என்று கேட்டாள். எரிச்சலாக வந்தது. ஆனாலும் எழுதுகிறேன், என்ன தடவுகிறீர்கள்?

---

ஜூன் 3

மகளே,

போனேன். சொன்னேன்.

இரண்டு தடவை நோட்டரி அலுவலக வாசல்வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை பட்டறை உடுப்போடு போய்விட்டேன், நல்ல சட்டை மாற்றினால் யோசனை வந்துவிடும் என்று. அந்த அம்மாள் சாட்சிப் படிவம் வந்துவிட்டதா என்று கையை நீட்டினார். படிவம் வராது, நான் மகன் இல்லை, தம்பி என்றேன். இறந்தவருக்கு மனைவி உயிரோடு இருக்கிறார், நாற்பது வயதில் மகளும் இருக்கிறாள் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, உங்கள் வயது என்ன என்று கேட்டார். அறுபத்து மூன்று. முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக என் வயதை நான் சத்தமாகச் சொன்னேன். எத்தனை நிம்மதி என்று உனக்கு எப்படிச் சொல்வேன். அந்த நாற்காலியிலேயே தூங்கிவிடலாம் போல இருந்தது.

குடியேற்ற அலுவலகத்துக்கு அவர் தெரிவித்தே ஆக வேண்டுமாம். விசாரணை நடக்கும், அபராதம் வரலாம், அதற்கு மேலும் வரலாம், பழைய விஷயம் என்று விட்டாலும் விடலாம். அவருக்கே தெரியவில்லை. வரட்டும். அடுத்த விசாரணைக்கும் இதே உடுப்போடுதான் போவேன், அங்கேயும் இதைத்தான் சொல்வேன். திரும்பி வந்து பட்டறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி அண்ணா என்று கூப்பிட்டு அழுது தீர்த்தேன். எதிர்க்கடைக்காரர் ஓடிவந்தார். அவரிடமும் சொன்னேன்.

ஒன்று தெரிந்துகொள். உன் உறைக்குப் பயந்து போகவில்லை. நான் அப்போதும் கோபமாகத்தான் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். நீ கேட்டது நியாயம் என்பதால் போனேன். வீடு இனி உங்களுடையது. கீழே இருக்கும் இரண்டு வேலையை முடிக்க மட்டும் அவகாசம் கொடு.

அண்ணி உயிரோடு இருப்பதை அங்கே தூதரகத்தில் நேரில் வந்து நிரூபிக்க வேண்டுமாம். தேதி அனுப்புவார்கள்.

கற்பூரத் தைலம் தடவுகிறேன். வலி கேட்கவில்லை.

சித்தப்பா

---

ஜூலை 8

அன்புள்ள சித்தப்பா,

இந்தத் தடவை அடிக்கவில்லை, பாருங்கள்.

முதலில் வீட்டு விஷயம். என் உறை நோட்டரிக்குப் போய்ச் சேர்ந்து, வாரிசுத் தாளில் அம்மா பெயரையும் என் பெயரையும் எழுதிவிட்டார்கள், தூதரகத்திலிருந்து அம்மாவின் சாட்சியம் போனதும் உறுதியாகிவிடும். கீழ்த்தளமும் முற்றமும் உங்கள் காலம்வரை உங்களுக்கு. அப்படி ஒரு ஒப்பந்தம் எழுத நோட்டரியிடம் சொல்லிவிட்டேன், கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மாடி எங்களுடையது. இரக்கத்தில் செய்வதாக நினைத்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். சுவர் நீங்கள் கட்டியது, அதற்கு உண்டான நியாயம் இது. வாய்ப்பேச்சில் விடமாட்டேன், வாய்ப்பேச்சை நம்பி இந்தக் குடும்பம் பட்டது போதும். விற்கச் சொன்னவர் இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தார், இப்போது சரியாகிவிட்டார். விசாரணைக்கு வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள். நானும் அம்மாவும் எழுத்தில் என்ன சொல்ல வேண்டுமோ சொல்கிறோம்.

இனி தூதரகம். நேற்று போனோம். அம்மா விடிந்ததுமே தயாராகிவிட்டாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண். அம்மாவின் அடையாள அட்டையை ஒரு கையிலும், அவள் இறந்துவிட்டதாகச் சொல்லும் பழைய தாளை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு அவர் மாறி மாறிப் பார்த்தார். உங்கள் கணவர் இப்படிப் பொய் எழுதிக் கொடுத்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிடு, வம்பில்லை என்று வழியெல்லாம் நான் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்.

அம்மா, "அவரா எழுதலை, நான்தான் எழுதச் சொன்னேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்களுக்கும் இது தெரியாது என்று நினைக்கிறேன். அப்பா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். மனைவி பிள்ளையா, தம்பியா என்று முடிவெடுக்க முடியாமல் அப்பா அம்மாவுக்கு எழுதியிருக்கிறார். பதிலை அம்மா அந்த அதிகாரியிடம் வார்த்தை மாறாமல் சொன்னாள். "என்னைச் செத்துட்டதா எழுதுங்க. என்னை அப்புறமா எழுப்பிக்கலாம். அவனை வண்டியில ஏத்திட்டா எழுப்ப முடியாது."

எனக்கு அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்தேனே என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதிகாரி விடவில்லை. அப்படியானால் இத்தனை வருஷம் ஏன் வந்து சொல்லவில்லை என்று கேட்டார்.

"அண்ணனும் தம்பியும் எழுப்புவாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். எழுப்பலை. நானே எழுந்து வந்துட்டேன்."

அதை அவர் சுருக்கி எழுதப் போனார். அம்மா கண்ணாடியைத் தட்டி, தான் சொன்னபடியே எழுதச் சொன்னாள். எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.